நல்ல நாளின் கணக்கு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் வட சென்னைக்காரர்களின் காது பூண்டி ஏரியின் பக்கம் திரும்பிவிடும். அங்கே மதகு திறந்தால் கொசஸ்தலையாற்று வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்துதான் கடல் சேர வேண்டும். வருகிற வழியில் அது எதையெல்லாம் வாரிக்கொண்டு வருமோ என்பதுதான் கரையோரக் குப்பங்களின் கவலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் நெடுகப் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்திச் செடிகளின் வேரில் எண்ணெய் அப்பிக்கொண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. தூய்மைப் பணி, நிவாரணம், அறிக்கை என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி, தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், கெடுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதத்தில், ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்தத் தண்ணீரில் எத்தனை அடி ஆழம், எவ்வளவு தெளிவு, எவ்வளவு உப்பு? தேதி போட்டு எழுதி வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை நாடி பார்த்து வைத்திருக்கும் வைத்தியருக்குத்தான் காய்ச்சல் கண்ட நாளின் நாடி சரியாகப் பிடிபடும். நீர்நிலையின் கதையும் அதுதான். விபத்து நடந்த அன்று ஓடிப்போய் அளப்பவர் கையில் பாதிக் கணக்கே இருக்கும். மீதிப் பாதியை, ஒன்றும் நடக்காத நாட்களில் யாராவது அளந்து எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. இந்த மாதம் உங்களிடம் பேச நினைத்தது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

எண்ணூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மூன்று தண்ணீர் கலக்கும் இடம் அது. மேற்கிலிருந்து வல்லூர் அணைக்கட்டைத் தாண்டிக் கொசஸ்தலையாறு வருகிறது. கிழக்கிலிருந்து வங்கக்கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை உள்ளே ஏறி இறங்குகிறது. தெற்கிலிருந்து பக்கிங்காம் கால்வாய் நகரத்தின் கழிவையும் சுமந்துகொண்டு வந்து சேர்கிறது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய வாய்க்கால்தான் பின்னால் ஆந்திரம் வரை நீண்ட அந்தக் கால்வாயின் முதல் துண்டு.

இந்த மூன்று தண்ணீரையும் சுற்றித்தான் கடந்த அரை நூற்றாண்டின் தொழில் வளர்ச்சி நடந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்தது, 2017இல் மூடப்பட்டது. 1990களில் வட சென்னை அனல்மின் நிலையம், 2001இல் இன்று காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் எண்ணூர்த் துறைமுகம், அதன் பிறகு வல்லூர் அனல்மின் நிலையம் என்று வரிசை நீண்டது. கடற்கரையும் சும்மா இருக்கவில்லை. சென்னைத் துறைமுகம் கட்டிய பின், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் மெரினாவில் தேங்கிக்கொண்டது. அந்த மணல் வந்து சேராததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்கிறது. ஆக, ஆறு, கடல், கரை, கால்வாய் என்று எல்லாமே ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருக்கும் இடம் இது. இங்கே எது இயற்கையின் மாற்றம், எது மனிதன் செய்தது என்று பிரித்துச் சொல்ல நினைவு மட்டும் போதாது. எண்கள் வேண்டும்.

அளவு என்றதும் ஆய்வகம், வெள்ளைக் கோட்டு, விலை உயர்ந்த கருவி என்று பயந்துவிடாதீர்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் அளக்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பாருங்கள். அடித்தரையில் இருப்பது மணலா, சேறா, சாம்பலா என்று அவர்களின் விரலுக்குத் தெரியும். நேற்று முழங்காலில் நின்ற தண்ணீர் இன்று அதே நேரத்தில் எங்கே நிற்கிறது என்று உடம்புக்குத் தெரியும். உப்பளத் தொழிலாளர்களிடம் கேட்டால் பாத்தியின் உப்பை ‘டிகிரி’ கணக்கில் சொல்வார்கள். மிதவைக் குழாயைத் தண்ணீரில் விட்டால் அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான் கணக்கு. கடல்நீர் மூன்று டிகிரியை ஒட்டி நிற்கும். ஏறத்தாழ இருபத்தைந்தை எட்டினால் உப்பு பூக்கத் தொடங்கும். பல தலைமுறைகளாகப் பழகிவந்த அளவு இது. இதில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்த நோட்டு. அறிவு அவர்களிடம் இருக்கிறது, ஆவணம் இல்லை. விசாரணைக் கூடத்தில் ஆவணத்துக்குத்தான் நாற்காலி போடுகிறார்கள்.

சரி, எதை அளப்பது? எந்த வரிசையில்?

முதலில் நேரமும் நீர்மட்டமும். கழிமுகத்தில் இந்த இரண்டும் இல்லாத எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. கடல் ஏறி இறங்கும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால்தான் இன்று காலை ஆறு மணிக்கு ஏறிய தண்ணீர் நாளை ஆறே முக்கால், ஆறு ஐம்பதுக்கு ஏறுகிறது. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவு வித்தியாசம் இருக்கும்; அஷ்டமியை ஒட்டி அது பாதிக்கும் கீழே போய்விடும். “இங்கே நாலடி ஆழம்” என்று ஒருவர் எழுதினால், எப்போது என்ற கேள்விக்கும் அவர் பதில் எழுதியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. பாலத் தூணிலோ படகுத்துறைக் கம்பத்திலோ அனுமதி வாங்கி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வண்ணத்தில் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதுங்கள். ஒரு பகல் முழுக்க எழுதினால் ஏறி இறங்கும் வளைகோடு கிடைத்துவிடும். அந்த வளைகோட்டுக்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடு வளர்ந்து வாய் குறுகினால், உள்ளே ஏறும் தண்ணீரின் உயரம் குறையும். கடலில் ஏற்றம் உச்சம் தொட்ட நேரத்துக்கும் உள்ளே உச்சம் தொடும் நேரத்துக்கும் இடைவெளி கூடும். முகத்துவாரம் தூர்ந்துவிட்டது, தூர்வாருங்கள் என்று மீனவர்கள் ஆண்டுதோறும் மனு கொடுக்கிறார்கள். அந்த மனுவோடு, போன தைக்கும் இந்தத் தைக்கும் ஏற்ற உயரம் இத்தனை சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்ற ஒரு தாளையும் இணைத்தால் அதற்குப் பதில் எழுதுவது அதிகாரிகளுக்கு அவ்வளவு சுலபமாக இராது.

இரண்டாவது, ஆழமும் அடித்தரையும். கோடு போட்ட நீளமான மூங்கில் கழி போதும். கரைக்குக் கரை ஒரு கயிறு கட்டி, அதையொட்டிப் படகில் போய் இரண்டு மீட்டருக்கு ஓரிடம் என்று குத்திப் பாருங்கள். ஆற்றின் வயிறு தாளில் வரைபடமாக வந்துவிடும். கழியின் நுனியில் ஒட்டி வருவதையும் எழுதுங்கள்: மணல், களிமண், சாம்பல் நிறச் சேறு, சிப்பி. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கரைசலைக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து கசிந்ததால் எண்ணூரின் அடித்தரை மாறிப்போயிருக்கிறது என்பது பல விசாரணைகளில் பதிவானது. அண்மை ஆண்டுகளில் இன்னொரு விருந்தாளியும் வந்துவிட்டது. மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்லும் கறுத்த சிப்பி. தென் அமெரிக்கக் கரைகளைச் சொந்த ஊராகக் கொண்ட இது, கப்பல்களோடு இங்கே வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாய் விரித்த மாதிரி அடித்தரையை மூடிவிடுகிறது. இறால் புதைந்துகொள்ளச் சேறு இல்லை, மட்டிக்கு மூச்சுவிட இடமில்லை. அது எத்தனை மீட்டர் தூரம் பரவியிருக்கிறது, எந்த மாதத்தில் எதுவரை வந்தது என்பதைக் கழி குத்திப் பார்த்தே சொல்லலாம்.

மூன்றாவது, வெப்பம். ஒரு சாதாரண தெர்மாமீட்டர், ஒரு நூல். கண்ணாடிக் கருவி என்றால் பாதரசம் வேண்டாம். உடைந்தால் நாமே மாசு செய்தவர்கள் ஆகிவிடுவோம். நிழலில் காற்றின் வெப்பத்தை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு நீரின் மேல்மட்டம், அடிமட்டம் என்று இரண்டையும் எழுதுங்கள். இதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? 1999 ஜூனுக்குப் பிறகு இயங்கத் தொடங்கிய கடலோர அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் குளிர்விப்பு நீர், அது போய்ச் சேரும் நீரின் வெப்பத்தைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் எதைவிட 7 டிகிரி? அந்த இடத்து நீரின் இயல்பான வெப்பம் மார்கழி விடியலில் எவ்வளவு, சித்திரை மதியத்தில் எவ்வளவு என்று மாதவாரியாக யாரிடமாவது பட்டியல் இருந்தால்தானே அந்த 7 டிகிரிக்கு உயிர் வரும்?

வெப்பத்தோடு கூடவே வருவது மூச்சு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீனும் நண்டும் சுவாசிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரால் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். அதே வெப்பத்தில் கடல்நீரால் 6.2 மில்லிகிராம்தான் முடியும். வெப்பம் 37க்கு ஏறினால் அதுவும் 5.6க்கு இறங்கிவிடும். அதாவது சூடு ஏறினாலே மூச்சு குறையும். கழிவு எதுவும் கலக்கக்கூடத் தேவையில்லை. அதன் மேல் சாக்கடையும் கலந்தால், அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் மிச்ச ஆக்சிஜனையும் குடித்துவிடும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் தாங்க முடியாது. ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்லர் 1888இல் கண்டுபிடித்த முறையில் இதை அளக்கலாம். இரண்டு மூன்று கரைசல்களை வரிசையாகச் சேர்த்து, நிறம் போகும்வரை சொட்டு எண்ணும் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அமிலம் புழங்கும் முறை என்பதால் வேதியியல் ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

நான்காவது, உப்பு. வீட்டில் ஆர்.ஓ. மாட்ட வருகிறவர் சட்டைப்பையில் பேனா மாதிரி ஒன்று வைத்திருப்பாரே, அந்த டி.டி.எஸ். மீட்டர் போதும். ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பேனாக்களில் பெரும்பாலானவை பத்தாயிரத்தைத் தொடும் முன்பே கை விரித்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு. அதனால் ஒரு பங்கு மாதிரி நீருக்கு ஒன்பது பங்கு வாலைவடிநீர் கலந்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். நுட்பமான அளவு என்று சொல்ல மாட்டேன். ஒரே பேனா, ஒரே முறை, ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு மாதம் ஒப்பிட அது தாராளமாகப் போதும்.

உப்பை மேலே மட்டும் அளந்துவிட்டு வந்துவிடக் கூடாது. உப்புநீர் கனமானது. ஆற்றுநீர் மேலாகக் கடலுக்குப் போகும்போதே, அதன் அடியில் கடல்நீர் ஆப்பு மாதிரி உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். மேலே குடித்துப் பார்த்தால் சப்பென்று இருக்கும். அடியில் கடலே இருக்கும். அடிநீரை எடுக்க ஒரு வழி: கண்ணாடிக் குப்பியின் அடியில் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் தனி நூல் கட்டுங்கள். குப்பி அடியைத் தொட்டதும் தக்கை நூலைச் சுண்டி இழுத்தால் அங்கிருக்கும் நீர் உள்ளே ஏறும்.

ஐந்தாவது, தெளிவு. இதற்கான கருவிக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், அடிப்படையில் வானியலர். 1865இல் போப்பின் நீராவிக் கப்பலில் மத்தியதரைக் கடலுக்குப் போய், வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று அளந்தார். விண்மீன்களைப் பார்த்துப் பழகியவர் கடலுக்குள் பார்வை எதுவரை போகும் என்று கேட்டார், அவ்வளவுதான். இன்றும் அந்தத் தட்டுக்கு அவர் பெயர்தான். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டை நான்காகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு, வெள்ளை அடித்து, நடுவில் கயிறும் அடியில் எடையும் கட்டினால் செக்கி தட்டு தயார். பழைய எவர்சில்வர் தட்டில்கூடச் செய்யலாம். படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் எழுதி, சராசரி போடுங்கள். அமெரிக்காவில் 1994இல் தொடங்கி, ஆண்டுதோறும் ஏரிக்கரைவாசிகள் இதே தட்டை இறக்கித் தத்தம் ஏரியின் தெளிவைப் பதிந்து வருகிறார்கள். கருவி மலிவாக இருந்தால் கைகள் தாமாகச் சேரும்.

ஆறாவது, ஓட்டம். கரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். மேல் குச்சிக்கு நேராக ஓர் ஆரஞ்சுப் பழத்தை நீரில் விட்டு, கீழ் குச்சியைத் தாண்டும்வரை நேரம் பாருங்கள். ஏன் ஆரஞ்சு என்றால், அது முக்கால்வாசி மூழ்கி மிதக்கும், காற்று தள்ளாது. தெர்மோகோல் துண்டு என்றால் நீங்கள் அளப்பது காற்றையாகத்தான் இருக்கும். இருபது வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மேல்மட்டம் பொதுவாக அடியைவிட விரைவாக ஓடும் என்பதால் 0.85ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். முன்பே வரைந்து வைத்த ஆற்று வயிற்றின் பரப்போடு இதைப் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகிறது என்று வந்துவிடும். நாற்பது மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம், வினாடிக்கு 0.4 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 24 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 24,000 லிட்டர். கழிமுகத்தில் இந்த எண் சில நேரம் கடல் நோக்கிப் போகும், சில நேரம் ஊர் நோக்கி வரும், நடுவில் சிறிது நேரம் நின்றுவிடும். அந்த நின்ற நேரத்தையும் எழுதுங்கள். கலந்துவிட்ட கழிவு கரைந்து போகாமல் அங்கேயே தங்கும் நேரம் அது.

இந்த ஆறையும் தனித்தனியாகப் பார்த்தால் வெறும் எண்கள். சேர்த்து வைத்துப் பார்த்தால் பேசும். கார்த்திகையில் பூண்டி திறந்து வெள்ளம் வந்தால் ஓட்டம் கூடும், உப்பு குறையும், கலங்கல் ஏறித் தெளிவு போகும், வெப்பம் இறங்கும். நான்கும் ஒன்றாக மாறினால் அது மழையின் வேலை; கவலை வேண்டாம். சித்திரையில் ஆறு வற்றும், வாய் குறுகும், வெயிலில் ஆவியாகி உப்பு கடலையும் மிஞ்சலாம், வெப்பம் ஏறும். அது கோடையின் வேலை. ஆனால் மழையே இல்லாத மாசி மாதத்தில், ஏற்ற நேரத்தில், உப்பு மாறாமல் வெப்பம் மட்டும் ஏறியிருந்தால்? உப்பும் வெப்பமும் அப்படியே இருக்க, தெளிவு மட்டும் திடீரென்று பாதியானால்? அதற்குக் காரணம் வானத்தில் இல்லை. மேலே போய்க் குழாயைப் பார்க்க வேண்டும். பருவத்தின் போக்கைத் தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் போக்கை மீறியது கண்ணில் படும்.

வாரியங்கள் அளக்கவில்லையா என்று சிலர் கேட்பீர்கள். அளக்கிறார்கள். மத்திய, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் நாடு முழுக்க நீர் மாதிரி எடுக்கின்றன. ஆனால் குறித்த இடத்தில், குறித்த இடைவெளியில்தான் எடுக்க முடியும். கழிமுகமோ ஆறு மணி நேரத்தில் வேறு தண்ணீர் ஆகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. பகலில் பாசியும் நீர்த்தாவரமும் வெயிலில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அவையும் சேர்ந்து சுவாசிக்கும். அதனால் ஒரு நாளில் நீரின் மூச்சு மிகக் குறைந்திருப்பது விடியலுக்குச் சற்று முன். அலுவலக வண்டி பதினோரு மணிக்கு வந்து எடுக்கும் மாதிரியில் அந்தத் திணறல் தெரியாது. விடியலில் கரையில் இருப்பவர்கள் யார்? வலை எடுக்கப் போகிறவர்கள், மீன் வாங்க வருகிறவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், நீங்கள். பக்கத்தில் குடியிருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி அது.

நம் அளவுகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தட்டும் கழியும் தெர்மாமீட்டரும் ஈயம், பாதரசம் போன்றவற்றைக் காட்டித் தராது. எண்ணெயின் வகையைச் சொல்லாது. அதற்கெல்லாம் ஆய்வகம்தான் வேண்டும். ஆனால் ஆய்வகம் எங்கே வர வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும், எதைத் தேட வேண்டும் என்று நம் நோட்டு சொல்லும். ஒருநாள் எண்ணை வைத்துக்கொண்டு யார்மீதும் குற்றம் சாட்டவும் வேண்டாம். ஓராண்டு முழுக்க அளந்த பிறகு பேசுங்கள். அப்போது குரலை உயர்த்தவே தேவை இருக்காது.

எண்ணூரைச் சொன்னது ஓர் எடுத்துக்காட்டுக்கு. உங்கள் ஊரில் அடையாற்று முகத்துவாரம் இருக்கலாம், முட்டுக்காடு இருக்கலாம், கடலூர் உப்பனாறு, பிச்சாவரம், வேதாரண்யத்துக் கழிகள் இருக்கலாம். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்குத் தொண்டைமானாறும் மட்டக்களப்பு வாசகர்களுக்கு வாவியும் இருக்கின்றன. கடல் இல்லாத ஊர் என்றால் வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றமும் வற்றமும் இல்லாததால் வேலை பாதியாகக் குறையும். பள்ளி ஆசிரியர்கள் இதை ஒரு வகுப்பின் ஆண்டு வேலையாக எடுத்தால், அந்த வகுப்பு மேலே போனாலும் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் தொடர்வார்கள். பத்து ஆண்டுகளில் அந்தப் பள்ளியிடம் இருக்கும் நோட்டு, அந்த நீர்நிலையைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத ஒன்றாக இருக்கும்.

தாய் தகப்பன் மாதிரி சில எச்சரிக்கைகள்: பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் இறங்கக் கூடாது. படகு என்றால் உயிர்காப்பு மேலாடை கட்டாயம். கழிமுகச் சேறு இடுப்புவரை இழுக்கும். உள்ளூர் மீனவர் ஒருவரின் சொல் கேட்டே கால் வையுங்கள். அவர் நேரத்துக்கு உரிய கூலியையும் கொடுங்கள். மதகு திறந்த நாளில் கரைப்பக்கமே போக வேண்டாம்; ஓட்டத்தைப் பாலத்தின் மேலிருந்து பார்த்து எழுதினால் போதும். கழிவுக் குழாயின் வாயில் கை வைக்காதீர்கள். வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தை இதழிலிருந்து இரண்டு பக்கங்களை உங்கள் அளவுகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். இடம், தேதி, நேரம், தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா, முந்தைய நாள் மழை உண்டா, அதன் பிறகு எண்கள் என்ற வரிசையில் எழுதி அனுப்புங்கள். ஆறையும் அளக்க முடியாதவர்கள் நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் மட்டும் அளந்தால்கூடப் போதும். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், விடாமல். அளக்க முடியாமல் போன வாரத்தை வெற்றாக விடுங்கள்; போன வார எண்ணைப் பார்த்து நிரப்பாதீர்கள். வந்த எண் விசித்திரமாகத் தெரிந்தால் மறுபடி அளந்து, இரண்டையும் எழுதுங்கள். அடித்தல் திருத்தலோடு வரும் நோட்டை அச்சில் ஏற்ற எங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று திருத்திய எண்ணை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்